பக்கத்து அறையின் விரல்

அவருடைய அறைக் கதவில் 'கைரோபிராக்டர்' என்று எழுதியிருந்தது; மருந்தில்லாமல் கையாலேயே எலும்பு மூட்டுகளைச் சரிசெய்கிறவர் என்று அர்த்தம். அந்தச் சொல்லை ஒருவரும் முழுதாகச் சொன்னதில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி வருகிறவனுக்கு அத்தனை எழுத்தையும் உச்சரிக்கப் பொறுமை ஏது? 'சொடுக்கு டாக்டர்' என்றார்கள். அவர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்து, "மூச்சை விடுங்க" என்று சொல்லி, விட்ட மூச்சு முடிவதற்குள் ஒரு திருப்புத் திருப்பினால் கழுத்து வாய்விட்டுப் பேசும். அந்தச் சத்தத்துக்காகவே வருகிறவர்கள் உண்டு. சத்தம் வராத நாளில் அவர்கள் கட்டிலை விட்டு இறங்க மாட்டார்கள். "இன்னொரு தடவை பாருங்க டாக்டர், இன்னைக்கு என்னவோ குறையுது" என்பார்கள்.

அது எலும்பு இடம் மாறும் சத்தமல்ல, மூட்டுக்குள் இருக்கும் காற்றுக்குமிழின் வேலை என்று படிக்கும் காலத்திலேயே அவருக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததை எல்லாம் நோயாளியிடம் சொல்லியாக வேண்டும் என்று யாரும் அவருக்குப் பாடம் நடத்தவில்லை.

பொறாமை அவருக்குப் புதிதல்ல. எதிர்த் தெருப் பல் டாக்டரின் காரைப் பார்த்தால் வயிறு எரியும். பேக்கரி வைத்திருக்கும் மைத்துனனின் தலைமுடியைப் பார்த்தாலும் எரியும். ஆனால் இவையெல்லாம் சாப்பிட்டு எழுந்தால் மறந்துபோகிற எரிச்சல்கள். ஐம்பது வயது தாண்டிய பிறகு வந்தது வேறு வகை. அது அவருடைய அறையின் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடிவந்தது.

சாவி செய்கிற கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் அவர். மற்றொன்றில் அவருடைய உடைந்த நாற்காலிகள் கிடந்தன. கட்டிடக்காரர் அதைக் காலி செய்து, அதே தொழில் செய்கிற ஒரு பெண்மணிக்கு வாடகைக்கு விட்டார். அவர் படித்த கல்லூரியிலேயே சில வருடம் பின்னால் படித்தவர். அதே பிடிகள், அதே திருப்புகள் எல்லாம் கற்றவர். பிறகு அவற்றை விட்டுவிட்டு, விரல் நுனியால் மட்டும் தொடுகிற ஒரு முறையை வேறெங்கோ போய்ப் படித்துவிட்டு வந்திருந்தார். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, வெறும் காலின் இரண்டு குதிகால்களையும் சேர்த்துப் பிடித்து எது ஏறியிருக்கிறது, எது இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார். கழுத்தில் ஓரிடத்தில் விரலை வைப்பார். அழுத்த மாட்டார். கண் இமையின் மேல் வைத்தால் எவ்வளவு அழுத்தலாமோ அவ்வளவுதான். எடுத்துவிட்டு மறுபடியும் குதிகாலைப் பார்ப்பார். பிறகு நோயாளியைச் சும்மா படுக்க விட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொள்வார். ஊர் வாய் அவருக்கு 'இறகு டாக்டர்' என்று பெயர் வைத்தது.

சுவருக்கு அப்பாலிருந்து ஒரு சத்தமும் வராததால் முதல் சில வாரங்கள் சொடுக்கு டாக்டர் நிம்மதியாக இருந்தார். கூட்டம் இல்லை என்று நினைத்தார். ஒருநாள் வெளியே வந்து பார்த்தால் அந்தக் கதவு முன்னால் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. இவருடைய அறைக்குள் செருப்போடு வருவார்கள். அங்கே குதிகாலைப் பார்ப்பதால் கழற்றிவிட்டுப் போக வேண்டும். அதனால் வருகிறவர்களின் எண்ணிக்கை வாசலிலேயே தெரிந்துபோகும். அதை எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினார்.

"நீங்க நல்லா இருக்கீங்களா டாக்டர்?" என்று இறகு டாக்டர் எதிரில் வரும்போதெல்லாம் அவர் கேட்பார். தன்னைவிட இளையவரை நீங்க, டாக்டர் என்று மரியாதையால் தூர நிறுத்தினார்.

"இருக்கேன் சார். உங்க சத்தம் கேட்குது. என் ஆளுங்க சில பேரு தூக்கத்துல திடுக்குனு எழுந்துடுறாங்க."

"தூக்கமா? வைத்தியத்துக்கு வந்து தூங்குறாங்களா?"

"சில பேரு குறட்டையும் விடுறாங்க சார்."

சொடுக்கு டாக்டர் சிரித்துவிட்டுத் தன் அறைக்குள் வந்து கதவைச் சற்று ஓங்கிச் சாத்தினார்.

இந்தக் கூத்து இந்த அளவில் நின்றிருந்தால் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. அந்த வருடம் அவர் மனைவியின் வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போயின.

அவள் தையல்காரி. வீட்டின் முன்னறையில் பழுது தைக்கிற கடை. பெருத்தவர்களுக்குப் பிரித்துத் தருவாள், இளைத்தவர்களுக்குப் பிடித்துத் தருவாள், ஜிப் மாற்றுவாள். வக்கீல்களின் கறுப்பு அங்கிகள்தான் அவளுக்கு முக்கிய வருமானம். கறுப்புத் துணியில் கறுப்பு நூல். அங்கே கண்ணுக்கு வேலையில்லை. தையல் எங்கே போகிறது என்பதைக் கட்டைவிரல்தான் பார்க்க வேண்டும். ஒருநாள் வெள்ளைச் சட்டை ஒன்றில் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, இது எங்கிருந்து வந்த கறை என்று யோசித்தாள். ஊசி அவள் விரலில்தான் ஏறியிருந்தது. அவளுக்குத் தெரியவில்லை.

நரம்பு மருத்துவர் கையில் மின்கம்பி வைத்து நரம்பைச் சோதித்தார். கழுத்தில் ஒரு நரம்பு லேசாக நெருக்கப்படுகிறது, கத்தி வேண்டாம், பொறுத்துப் பார்க்கலாம் என்று சில பயிற்சிகளை எழுதிக்கொடுத்தார்.

"பொறுத்துப் பாக்கணுமாம்! வீட்டுல நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் சொடுக்கு டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கட்டிலில் படுக்கவைத்துத் திருப்பினார். சத்தம் அழகாக வந்தது. விரல் வரவில்லை. அடுத்த முறை இன்னும் நன்றாக வந்தது. அதற்கடுத்த முறை தோளிலிருந்து விரல் நுனி வரை மின்சாரம் போல ஒன்று ஓடி, அவள் அலறிவிட்டாள். எழுந்து உட்கார்ந்து, கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, "போதுங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். பரிமாறுகிறவரிடம் போதும் என்று சொல்வது போலச் சொன்னாள்.

கல்யாணமான புதிதில் அவருக்குச் சட்டை தைக்க அளவெடுக்கும்போது மணிக்கட்டில் நாடாவைச் சுற்றிப் பார்த்து, "உங்க கைக்கு மட்டும் தனியாத் துணி வாங்கணும் போல" என்று சிரித்தவள். அந்தக் கைகளைப் பற்றி அவள் 'போதும்' என்று சொல்லி அதுவரை அவர் கேட்டதில்லை.

அடுத்த வாரம் ஒரு நோயாளியை வழியனுப்ப வெளியே வந்தவர் பக்கத்து அறை வாசலில் அவளுடைய செருப்பைப் பார்த்தார். வார் அறுந்தபோது அவளே நீல நூலால் தைத்துக்கொண்டது. அவரிடம் சொல்லவில்லை. வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்களைப் போல முறை வந்ததும் உள்ளே போயிருக்கிறாள். அவர் தன் அறைக்குத் திரும்பிப் பலகைச் சுவரில் காதை வைத்துக் கேட்டார். ஒன்றுமில்லை. தன் மனைவியின் உடம்போடு ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார், தனக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

உள்ளே இருப்பது இன்னொரு பெண், அதுவும் மருத்துவர் என்று நம் அறிவு சொல்லும். அவர் அறிவும் சொன்னது. ஆனால் பொறாமை அறிவோடு சண்டை போடுவதில்லை. அதைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே தன் வேலையைப் பார்க்கும். இன்னொருவர் பெறுவதுகூட அதற்கு அவ்வளவு உறுத்தாது. நாம் முழுப்பலம் போட்டும் திறக்காத ஒன்று, இன்னொருவர் தட்டாமலே திறந்துகொண்டதே என்பதுதான் அதற்குத் தாங்காது.

வீட்டில் கேட்டார். "என்ன பண்றாங்க அங்க?"

"விரல வைக்கிறாங்க. எடுத்துடுறாங்க."

"அவ்வளவுதானா?"

"அவங்க கை வெச்சா தூக்கம் வருதுங்க."

"நான் கை வெச்சா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "முழிப்பு வருது."

அங்கே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மைத்துனன் புரையேறி இருமினான். "மாமா, பேசாம கடையப் பங்கு போட்டுக்கங்க. ராத்திரி தூங்க வைக்க அவங்க, காலையில எழுப்பிவிட நீங்க."

"உனக்கு ரொட்டி கருகுது, போய்ப் பாரு" என்றார் அவர்.

இதற்குப் பிறகு அவர் செய்ததை அவர் தொழில்காரர் தவிர வேறு யாரும் செய்ய முடியாது. இறகு டாக்டர் தொட்டதால் கழுத்தில் என்ன மாறியிருக்கிறது என்று அவர் தெரிந்துகொள்ள விரும்பினார். சாயங்காலம் அவள் காபியோடு உட்கார்ந்திருக்கும்போது பின்னால் போய் நிற்பார். "சும்மா பாக்குறேன்" என்று கழுத்தின் கீழ்ப்பகுதியில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இரண்டு பக்கமும் வைத்து, நரம்பு வெளிவரும் இடத்தைத் தேடி அழுத்துவார். இறுகியிருக்கிறதா, இளகியிருக்கிறதா? நேற்றைக்கு இன்று என்ன வித்தியாசம்? இளகியிருந்தால் மனம் சுருங்கும். அப்போது இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்ப்பார், உண்மையிலேயே இளகியிருக்கிறதா என்று. மறுநாள் அந்த இடம் இறுகியிருக்கும். ஒரு சின்ன திருப்தி வரும். அந்தத் திருப்தியை அவர் ஒருமுறைகூட நேருக்கு நேர் பார்க்கவில்லை. கவலைப்படுகிற கணவன் செய்கிற வேலை என்றே தன்னிடம் சொல்லிக்கொண்டார்.

அவள் கழுத்தைக் குனிந்து கொடுப்பாள். காபி டம்ளரை ஓரமாக நகர்த்தி வைப்பாள்.

விரல்கள் அப்படியே இருந்தன. அங்கிகள் ஓரத்தில் குவிந்தன. கடைத்தெருவில் பெரிய தையற்கடை வைத்திருப்பவர் வந்து அவளுடைய இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "விக்கிறதா இருந்தா எனக்குத்தான் முதல்ல சொல்லணும்" என்றார். அவள், "மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன் அண்ணே. விரல் வரலைன்னா எடுத்துட்டுப் போயிடுங்க" என்றாள். சொல்லிவிட்டு, சும்மா இருந்த இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டாள்.

ஒருநாள் மதியம் இறகு டாக்டர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். நோயாளி யாருமில்லை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், ஒண்ணு கேக்கணும். உங்க வீட்டம்மா கழுத்த யாரு பிடிக்கிறாங்க?"

"ஏன்? என்ன ஆச்சு?"

"ஒவ்வொரு தடவை வரும்போதும் ரெண்டு பக்கமும் சிவந்திருக்கு. ஒரு பக்கம் பெரிசா, ஒரு பக்கம் சின்னதா. போன தடவை விட்ட இடத்துல கழுத்து இல்ல. முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறேன். திரும்பவும் அதே."

"அவ தலைகாணி சரியில்ல."

"தலைகாணிக்குக் கட்டைவிரல் கிடையாது சார்." அவர் குரல் உயரவில்லை. "இது நம்ம காலேஜ் பிடி. முதல் வருஷத்துல சொல்லிக் கொடுத்தாங்களே, கழுத்துல ஆறாவது எலும்பத் தேடுற பிடி. வெளியாளுக்கு அந்த இடம் கிடைக்காது."

சொடுக்கு டாக்டர் கட்டில் பக்கம் திரும்பினார். நோயாளிகள் முகம் வைப்பதற்கான காகிதச் சுருளை இழுத்துக் கட்டிலின் தலைப்பக்கம் விரித்தார். விரித்தது கோணலாக இருந்தது. மறுபடியும் விரித்தார்.

"நான் ஒண்ணும் பண்ணல. சோதிச்சுத்தான் பாத்தேன்" என்றார் கடைசியில்.

"அந்த நரம்புக்கு அது தெரியாதே சார்."

"நீங்க மட்டும் என்ன பண்றீங்க? விரல வெச்சு எடுத்தா நரம்பு சரியாயிடுமா? எந்த ஊர் நியாயம் இது?"

"வந்து படுங்க, பாருங்க."

அவர் போனார். வேறு எந்த நாளாக இருந்தாலும் போயிருக்க மாட்டார். அன்று தன்னிடமிருந்து தப்பித்து எங்காவது போகவேண்டியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, மனைவி வந்து படுக்கிற அந்த வைத்தியக் கட்டிலில் குப்புறப் படுத்தார். குதிகால்களை யாரோ சேர்த்துப் பிடித்தது தெரிந்தது. பிறகு காத்திருந்தார். எப்போது தொடுவார், எங்கே தொடுவார், எவ்வளவு பலம் போடுவார் என்று உடம்பெல்லாம் காதாகக் கிடந்தார்.

"எப்ப ஆரம்பிப்பீங்க?"

"முடிச்சுட்டேன் சார். ரெண்டு இடத்துல வெச்சு எடுத்துட்டேன்."

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே."

"உங்க கழுத்து என் விரலோட மல்லுக்கு நிக்குது. நான் வைக்கிறதுக்கு முன்னாடியே எதிர்த்து வந்துடுது."

"நான் ஒண்ணும் பண்ணலையே!"

"நீங்க பண்ணல, கழுத்து பண்ணுது. சும்மா இருக்க அதுக்கு வரல."

அவர் எழுந்து உட்கார்ந்தார். மனைவிக்கு வருகிற தூக்கம் தனக்கு வராதது அவருக்குப் புது வயிற்றெரிச்சலைத் தந்தது. அந்தக் கட்டிலில் அவள் போய்வருகிற ஓர் இடம் இருக்கிறது, தன்னால் அங்கே எட்டிக்கூடப் பார்க்க முடியவில்லை.

"உண்மையச் சொல்லுங்க. இதனால அவ விரல் வருமா?"

இறகு டாக்டர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். "தெரியல சார். வரலாம். இல்ல, அந்த நரம்பு மருத்துவர் சொன்ன மாதிரி தானாகவே வரப்போகுது, நான் பக்கத்துல நின்னுட்டிருக்கேனோ என்னவோ. எனக்கே சில நாள் அந்தச் சந்தேகம் வரும். ஆனா யாரும் அழுத்தாம இருந்தாத்தான் ரெண்டுல ஒண்ணாவது நடக்கும்."

'தெரியல' என்ற சொல்லை இத்தனை வருடத் தொழிலில் அவர் ஒரு நோயாளியிடமும் சொன்னதில்லை. அதை இவ்வளவு சாவகாசமாகச் சொல்ல முடிந்தவர் மேல் அவருக்கு வந்ததும் பொறாமைதான். மரியாதை என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் அது மரியாதை இல்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அவள் காபியோடு உட்கார்ந்திருந்தாள். அவர் பின்னால் போய் நின்றதும் பழக்கத்தில் தலையைக் குனிந்தாள். அவர் கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்ன, இன்னைக்குப் பாக்கலையா?"

"நான் அழுத்துறதுனாலதான் உனக்குச் சரியாகலையாம்."

"தெரியும்."

"தெரியுமா? அவங்க சொன்னாங்களா?"

"என் கழுத்துங்க இது. அவங்க எதுக்குச் சொல்லணும்? நீங்க பிடிச்ச மறுநாள் விரல் இன்னும் மோசமாயிருக்கும்."

"அப்ப ஏன் குனிஞ்சு குடுத்த? வேணாம்னு சொல்ல வேண்டியதுதான?"

அவள் காபியை ஆற்றினாள். "அன்னைக்குப் போதும்னு ஒரு தடவை சொன்னதுக்கே உங்க மூஞ்சி ஒரு வாரம் சரியில்ல. பாவம், தொட்டுட்டுத்தான் போகட்டுமேன்னு விட்டேன்."

அவருக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. அவள் விரல்களை மீட்டுத் தருகிறேன் என்று கிளம்பியவருக்கு, அவள் தன் விரல்களையே பிச்சை போட்டிருக்கிறாள். அந்தப் பெருந்தன்மையைத் தாங்குவது அவருக்குப் பக்கத்து அறைச் செருப்புகளைவிடக் கடினமாக இருந்தது.

"இனிமே தொட மாட்டேன்" என்றார்.

"சொல்றது சுலபம்."

சுலபமாக இல்லை. சாயங்காலம் வந்தால் அந்தப் பெரிய கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தன. பட்டாணி உரித்தார். உரித்த பட்டாணியில் பாதி நசுங்கியது. தொடைக்கு அடியில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து மைத்துனன், "என்ன மாமா, கை மேல கோழி மாதிரி உக்காந்திருக்கீங்க? குஞ்சு பொரிக்கப் போவுதா?" என்றான். அவர் கைகளை வெளியே எடுத்து மடியில் கோத்துக்கொண்டார். தொடுவதை விட்டவர் கேட்பதைப் பிடித்துக்கொண்டார். "இப்ப எப்படி இருக்கு? காலைக்கு இப்ப பரவாயில்லையா?" இரண்டு நாள் பதில் சொன்னவள் மூன்றாம் நாள், "கேக்குறதும் அழுத்துற மாதிரிதாங்க இருக்கு" என்றாள். அதையும் நிறுத்தினார். அவள் பக்கத்து அறைக்குப் போகிற நாட்களில் தன் அறையில் இருந்துகொண்டே அவள் வந்து போவதை மாடிப்படிச் சத்தத்தில் கேட்டார். அந்த நேரத்தில் நோயாளி இருந்தால் திருப்புவதைச் சற்றுத் தள்ளிப்போட்டார். அவள் திடுக்கிட்டு எழக்கூடாதல்லவா. அவர் தன் வாழ்நாளில் செய்த மிக மென்மையான காரியம் அதுவாகத்தான் இருக்கும். யாருக்கும் தெரியாது. தெரியவில்லையே என்று அவருக்கு அதிலும் ஒரு குறை.

மாதக் கடைசி நெருங்கியது. ஒரு காலை அவர் கிளம்பும்போது முன்னறையில் துணி கிழிகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். அவள் ஒரு கறுப்பு அங்கியை மடியில் போட்டுக்கொண்டு தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஏற்கெனவே பிரித்த இன்னொன்று கிடந்தது. முகத்தில் அப்படி ஒரு கடுகடுப்பு.

"யார் தைச்சதும்மா அது? உனக்கேன் கோவம்?"

"நான்தான். போன மாசம் தைச்சது, திரும்ப வந்திருக்கு. பாருங்க இத, பாம்பு போன மாதிரி போயிருக்கு! இதப் போட்டுக்கிட்டு ஒரு மனுஷன் கோர்ட்டுல நின்னிருக்கார்!" என்று சொல்லிக்கொண்டே அடுத்த தையலின் மேல் கட்டைவிரலை ஓட்டினாள். கண் அங்கியில் இல்லை. அவரைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது. "இதோ, இங்கயும் கோணல்."

அவர் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். கேட்கக் கூடாது என்று இருந்ததால் கேட்கவில்லை. அவளுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கட்டைவிரலை உயர்த்திப் பார்த்தாள். நடுவிரல் இன்னும் மரமாகத்தான் இருந்தது. கட்டைவிரல் நுனியில் மட்டும் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றாள். பிறகு மறுபடியும் குனிந்து, மூன்றாவது அங்கியை எடுத்தாள்.

தையற்கடைக்காரர் அந்த வாரம் வந்து இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, அது ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டு, ஒரு ஜிப் மட்டும் மாற்றிக்கொண்டு போனார்.

மைத்துனன் இனிப்பு ரொட்டி கொண்டுவந்தான். "அக்கா, கடைசியில யாரு கைராசி? இறகா, நரம்பு டாக்டர் பயிற்சியா?"

அவள் பதில் சொல்வதற்கு முன்னால் சொடுக்கு டாக்டர் தொண்டையைச் செருமினார். இதற்காகவே காத்திருந்தவர் போலத் தெரிந்தது. "ரெண்டும் இல்லடா. யோசிச்சுப் பாரு. அவங்க முன்னாடியும் விரல் வெச்சாங்க, சரியாகல. பயிற்சி முன்னாடியும் பண்ணினா, சரியாகல. நான் எப்பத் தொடாம இருந்தேனோ அப்பத்தான் சரியாச்சு. இதுல புதுசா நடந்தது ஒண்ணே ஒண்ணுதான்."

"அடேயப்பா!" என்றான் மைத்துனன். "ஒண்ணும் செய்யாததுக்கும் பேரு வாங்குற ஆள நான் இப்பத்தான் பாக்குறேன்."

சொன்னதில் தர்க்கப் பிழை இல்லை என்பதுதான் வேடிக்கை. அவள் சிரிக்காமல் அவரைப் பார்த்தாள். "ஆமாங்க. இனிமே வர்றவங்களுக்கும் அதே வைத்தியத்தப் பண்ணுங்க. கூட்டம் அள்ளிக்கும்."

மைத்துனன் போன பிறகு அவர் அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். அவள் தைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் சிவப்பு ஏதுமில்லை. கையைத் தூக்கினார், பாதியில் நிறுத்தினார்.

"வைக்கலாமா?" என்று கேட்டார். முப்பது வருட மணவாழ்க்கையில் அவர் அவளிடம் கேட்ட முதல் அனுமதி அது.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எதுக்கு? பாக்குறதுக்கா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லலாமா என்றும் யோசித்தார். "ஆமா. அவங்க என்ன பண்ணியிருக்காங்கன்னு பாக்கத்தான்" என்றார்.

"அப்ப வேணாம்" என்றாள் அவள், நாற்காலியைச் சற்று முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டே. "வேற எதுக்காவதுன்னா வாங்க."